சேராத கியர் பெட்டி

"சேராதுங்கண்ணா. உங்க இஞ்சினுக்கு இந்த கியர் பெட்டி ஒட்டவே ஒட்டாது" என்றார் மெக்கானிக் திம்மப்பன், யார் முகத்தையும் பார்க்காமல்.

கோவிந்தப்பனின் முகம் தொங்கிப்போனது. "நல்லாப் பாத்தியா? ரெண்டும் ஒரே கம்பெனின்னாரே மச்சான்."

"கம்பெனி ஒண்ணுதான். ஆனா இது பெரிய காரோடது. போல்ட் ஓட்டை ஒண்ணுகூட நேரா வரல. மீறி மாட்டினா, சானமாவு காட்டுல வண்டி நின்னுபோயி யானைதான் வந்து தள்ளணும்."

கரும்பாலையில் இடது கை போனதிலிருந்து கோவிந்தப்பனின் பழைய பிக்கப் வண்டிக்கு கியர் போடுவது மனைவி சரசம்மாதான். அவர் கிளட்சை மிதித்து "ரெண்டு" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தள்ளுவாள். மாங்காய் லோடு போகிற ஊருக்கெல்லாம் அவளும் போயாக வேண்டும். தங்கை படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் அண்ணன் முனிவேல், யாரோ வெள்ளைக்காரத் துரை பெங்களூரில் விட்டுப்போன காரிலிருந்து இந்தப் பெட்டியைக் கழற்றி அனுப்பியிருந்தார். இதில் கிளட்ச் கிடையாது. கியர் தானே மாறிக்கொள்ளும்.

"இவளை வீட்ல நிம்மதியா ஒக்கார வெக்கலாம்னு பாத்தேன். குடுத்து வெக்கல" என்று பெருமூச்சு விட்டார் கோவிந்தப்பன்.

"எனக்கும் இடுப்பு வலிதான். என்னா பண்றது, தலையெழுத்து" என்றாள் சரசம்மா.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்க கோவிந்தப்பன் கிணற்றடிக்குப் போனார். உடனே அவள் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கூடை செந்தூரா மாம்பழத்தை எடுத்து திம்மப்பனிடம் நீட்டினாள்.

"நேத்து சந்தையில நான் சொன்ன மாதிரியே சொல்லிட்டீங்கண்ணா. நல்லா இருப்பீங்க."

"பெட்டி அளவெடுத்துச் செஞ்ச மாதிரி சேருதும்மா. என்னைப் பொய் சொல்ல வெச்சிட்டியே."

"சேந்தா நான் வீட்ல செவுத்தைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும். அவரு பக்கத்துல இல்லாம எனக்குப் பொழுது போவாதுண்ணா. அவருக்குத் தெரிஞ்சா மனசு நோவும். சொல்லிடாதீங்க."

கோவிந்தப்பன் வந்து தண்ணீர் ஊற்றினார். ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்து, "ஒண்ணு" என்றார். வண்டி கிளம்பிப் போனது.

திம்மப்பன் சிரித்துக்கொண்டே கூடையைக் கொட்டகைக்குள் எடுத்துப் போனார். முந்தாநாள் இதே பொய்யைச் சொல்லச் சொல்லி, கோவிந்தப்பன் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்த கூடைக்குப் பக்கத்தில் அதையும் வைத்தார்.