நிற்க இடமில்லாத பஸ்

"விசா வேணுமா வேணாமான்னு மாமாவுக்கு இன்னைக்குள்ள சொல்லணும்டா. நீ என்னடான்னா இந்த வெயில்ல நிக்க வெச்சிருக்கே!" என்று அன்சார் எரிந்து விழுந்தான்.

"அதுக்குத்தான்டா நிக்கிறோம். நம்ம ஆல்பம் ஓடுதா இல்லையான்னு இளையபெருமாள் அண்ணன் வண்டியில ஏறினா தெரிஞ்சிடப் போகுது" என்றான் கிளாட்சன்.

குத்தாலம் பஸ் நிறுத்தத்தில் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இவர்கள் வந்து சேர்வதற்குள் முந்தைய வண்டி போய்விட்டிருந்தது. அந்த வெயிலின் பெயரிலேயே இருவரும் சேர்ந்து ஓர் ஆல்பம் போட்டிருந்தார்கள். 'கத்திரி ஆட்டம்.' அத்தனையும் ஆட வைக்கிற பாட்டுகள், அதாவது இவர்கள் நினைப்பில். இசை கிளாட்சன், மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பவன். எழுதிப் பாடியது அன்சார்.

யூடியூபில் போன வாரம் வெளியிட்டார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் அந்தச் சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள். கிளாட்சனின் அத்தை விண்ணரசி மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே 'ஆமென்' என்று எழுதியிருந்தார். அது பாராட்டா, வேண்டுதலா என்று கேட்க இருவருக்கும் தைரியம் வரவில்லை.

அன்சாரின் மாமா மீரா உசேன் ஷார்ஜாவில் சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறார். "கல்லாவுல உட்கார ஆள் வேணும். வர்றியா, இல்ல அங்கேயே ஆடிக்கிட்டு இருக்கியா? சாயங்காலத்துக்குள்ள சொல்லு" என்று காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தார். பாட்டு ஓடினால் ஊர், ஓடாவிட்டால் ஷார்ஜா. அன்சாருக்கு ஊரை விட்டுப் போக மனசே இல்லை.

யூடியூப் என்ன சொன்னால் என்ன? இந்தப் பக்கத்தில் ஒரு பாட்டு ஹிட்டா இல்லையா என்று முடிவு செய்வது மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஓடும் தனியார் பஸ் டிரைவர்கள்தான். நல்ல பாட்டாகப் போடுகிற வண்டிக்கு ஜனங்கள் காத்திருந்து ஏறுவார்கள். அதனால்தான் ஆல்பம் வெளியான அன்றே, அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி டிரைவர் இளையபெருமாளிடம் கொடுத்திருந்தார்கள்.

வண்டி வந்து நின்றது. படிக்கட்டு வரைக்கும் ஆட்கள்!

"டேய், நாம பென் டிரைவ் குடுக்கறப்ப இந்த வண்டி காலியாத்தானேடா போச்சு?" கிளாட்சனுக்கு வாயெல்லாம் பல்.

இருவரும் முண்டியடித்து ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் மெஹராஜ் பேகம் என்ற பெண்மணி, இரண்டு கட்டைப்பைகளோடு மூச்சு வாங்க ஏறினார்.

"ஏன்க்கா, முன்னாடி ஒரு வண்டி போச்சே. அதுல உட்கார்ந்துக்கிட்டே போயிருக்கலாமே?" என்றார் கண்டக்டர்.

"இடம் கிடந்துச்சு தம்பி. பாட்டுக்காகத்தான் அதை விட்டுட்டு இந்த வண்டிக்கு நின்னேன்."

கிளாட்சன் அன்சாரின் தொடையைக் கிள்ளினான். அன்சாருக்கு வலிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

ஆனால் வண்டியில் ஏதோ ஒரு பழைய மெலடிதான் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு டிரைவர் சீட்டை நெருங்கினார்கள்.

"அண்ணே, எங்களைத் தெரியுதா?"

இளையபெருமாளின் முகம் மலர்ந்தது. "உங்களைத் தெரியாம இருக்குமா? என் குலதெய்வமே நீங்க ரெண்டு பேரும்தான்யா! போன வாரம் வரைக்கும் வண்டி ஈ ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. முதலாளி வண்டியை வித்துடலாமான்னு யோசிச்சாரு. உங்க பாட்டு வந்துச்சு, இப்ப பாருங்க, நிக்க இடமில்ல!"

"எந்தப் பாட்டுக்குண்ணே நல்ல வரவேற்பு?"

"எல்லாமே நல்லாத்தான் வேலை செய்யுது. அதுலயும் 'ஏய் ஏய்'னு தொண்டை கிழியக் கத்துவீங்களே, அந்தப் பாட்டுக்கு அப்படியே கூட்டம் அள்ளுது!"

"அப்ப அதை ஒரு தடவை போடுங்கண்ணே!"

இளையபெருமாள் பதறிப்போனார். "ஐயய்யோ, வேணாம் தம்பி! இத்தனை பேரை வெச்சுக்கிட்டுப் போட்டா வண்டி என்ன ஆகுறது?"

ஜனங்கள் ஆடுகிற ஆட்டத்தில் வண்டி வாய்க்காலில் சாய்ந்துவிடும் என்று அன்சார் புரிந்துகொண்டான். அவர் பொறுப்புணர்ச்சியை நினைத்து அவனுக்கு மரியாதை பொங்கியது.

ஆடுதுறையில் வண்டி நின்றதும் போனை எடுத்தான். "மாமா, நான் வரல. இங்கே என் பாட்டால பஸ்ஸே நிரம்பி வழியுது!"

"நல்லா யோசிச்சியாடா? அப்புறம் வந்து கேட்டா கிடையாது."

"யோசிச்சாச்சு மாமா."

"சரி, சமீர்னு நம்ம சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ரெண்டு நாளா கெஞ்சிக்கிட்டு இருக்கான். விசாவை அவனுக்கே அனுப்பிடறேன்." போன் வைக்கப்பட்டது.

ஷார்ஜா தலையிலிருந்து இறங்கியதில் அன்சாருக்கு உடம்பே லேசாகிவிட்டது. கிளாட்சன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"தம்பிகளா, அந்தப் பென் டிரைவ் இன்னொண்ணு கிடைக்குமா?" என்று இளையபெருமாள் கேட்டார்.

"எத்தனை வேணும்னாலும் தர்றோம்ண்ணே! போட்டுப் போட்டு அது கெட்டுப் போச்சா?"

"நான் எங்க தம்பி போட்டேன்? எனக்கு முன்னாடி போற வண்டி டிரைவர்கிட்ட அன்னைக்கே குடுத்துட்டேன். அவருக்கு மட்டும் உங்க பாட்டுன்னா உசுரு, நாள் பூரா அதையேதான் போடுறாரு, அங்கேருந்து தப்பிச்சு வந்த கூட்டம்தான் இது" என்ற இளையபெருமாள், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பின்னாடி வர்ற வண்டிக்கும் ஒண்ணு குடுத்துட்டோம்னா, இந்த லைனே எனக்குத்தான்!"