மூணாம் சீட்டில் ஒரு சல்லடை

"மேடம், நான் ஒன்றரை நிமிஷம் பேசி அனுப்பினேன். உங்க ஆபீஸ் பதிலைப் பார்த்தா கால்வாசிகூடக் கேட்ட மாதிரி தெரியலையே."

போனில் பேசிய வாடிக்கையாளர் குரலில் தேன் ஒழுகியது. பார்சலில் வந்த கண்ணாடி ஜாடி உடைந்துபோனதாம். அந்தப் புகாரைக் கேட்டுப் பதில் எழுதியவள் எங்கள் மூணாம் சீட்டுக்காரி.

பார்சல் கம்பெனியில் புகார்ப் பிரிவுக்கு நான்தான் தலைமை. என்னைச் சேர்த்து ஆறு சீட். வாடிக்கையாளர்கள் குறையைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள், நாங்கள் கேட்டுப் பதில் எழுதுவோம்.

அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவள் கம்ப்யூட்டரில் அந்தப் பதிவைத் திறந்தேன். ஜாடி உடைந்தது, கொண்டு வந்த ஆள் பொத்தென்று போட்டது. இருபத்திரண்டு வினாடியில் முடிந்துவிட்டது. மீதி எங்கே?

எந்த வகை ஃபைல் வந்தால் எந்த புரோகிராம் திறக்க வேண்டும் என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு பட்டியல் உண்டு. படத்துக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று, குரலுக்குப் பிளேயர். இவள் பட்டியலில் குரலுக்கு நேரே 'சல்லடை' என்று இருந்தது. போட்ட தேதி, அவள் பிரசவ லீவு முடிந்து வந்த நாள்.

அந்தப் பட்டியலில் கை வைக்கக்கூடியவன் ஒருத்தன்தான். எங்கள் புரோகிராமர். கேட்டால் தலையாட்டுவான், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த ஜாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று பார்த்தேன். புரோகிராமரின் அக்கா புருஷன்! அடப்பாவி, இதுதானா சங்கதி என்று பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. புரோகிராமரை வேலையை விட்டு நீக்கச் சொல்லி மேனேஜருக்கு ஒரு கடிதம் அடித்து எடுத்துக்கொண்டு நேராக அவன் ரூமுக்குப் போனேன்.

"சல்லடையை யார் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லலை மேடம். நானாதான் போட்டேன்."

"உன் மாமாவைப் பத்தி வர்றதை எல்லாம் முழுங்கறதுக்கா?"

"அவர் பேர்ல வந்த ஒரு புகாரைக்கூட வெட்டலை மேடம். போன வாரம் நீங்க அவரைக் கூப்பிட்டு எச்சரிச்சது அப்படி வந்த புகாருக்குத்தானே."

அது உண்மைதான். ஆனாலும் நான் விடுவேனா?

"முழுப் பதிவையும் போடு. நான் கேக்கணும்."

"வேணாம் மேடம்."

"மடியில கனம் இல்லைன்னா வழியில என்னப்பா பயம்? போடு. இல்லைன்னா இந்தக் கடிதம் இப்பவே மேல போகும்."

போட்டான். முதல் இருபத்திரண்டு வினாடி நான் கேட்டதேதான். அதற்கப்புறம் ஆரம்பித்தது பாருங்கள்! பதில் எழுதப் போகிறவள் யாரென்றுகூடத் தெரியாமல் அவளை, அவளைப் பெத்தவளை, அவள் வயிற்றில் பிறந்ததை என்று ஒருவரையும் விடாமல் நாறடித்தது அந்தத் தேன் குரல். என் காது கூசிவிட்டது.

"நிறுத்து, நிறுத்து!"

நிறுத்தினான். "சல்லடை திட்டை மட்டும் எடுத்துடும் மேடம். குறை எதுவும் விட்டுப்போகக் கூடாதுன்னு தினமும் காலையில நான் முழுசா ஒருதடவை கேட்டுடுவேன்."

"இந்தக் கருமத்தை எல்லாமா?"

"பழகிடுச்சு மேடம்."

கடிதத்தை நாலாக மடித்தேன். கோபம் மட்டும் இறங்கவில்லை.

"அதுக்காக அவளுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? நானும்தான் இதே வேலையைப் பார்க்கறேன். ரெண்டு வருஷமா என்னை யாராவது ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருப்பாங்களா? நாம பதில் எழுதற விதத்துல எழுதினா அவங்களும் மரியாதையாத்தான் பேசுவாங்க. அதை அவளுக்குக் கத்துக்கொடு, சல்லடை வேணாம்."

"அவங்களுக்கு மட்டும் இல்லை மேடம்..." என்றவன் வாயை மூடிக்கொண்டான்.

"வேற யாருக்கு?"

அவன் தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து. எல்லாவற்றிலும் பழைய பிளேயர்தான். பொய் சொல்கிறான், திருட்டுப் பயல் என்று முணுமுணுத்துக்கொண்டே என் சீட்டுக்கு வந்து, மேனேஜருக்கு அனுப்ப ஒழுங்கான பட்டியலை நகல் எடுக்கலாம் என்று என்னுடையதைத் திறந்தேன்.

குரலுக்கு நேரே 'சல்லடை' என்றிருந்தது. போட்ட தேதி, என் வீட்டுக்காரர் இறந்து, நான் முதல் முதலாக வேலைக்குத் திரும்பி வந்த திங்கட்கிழமை.