பேர் இல்லாத பணம்

"பணம் போட்டாச்சு, காயினை விடுங்க" என்று மூன்றாவது தடவையாகச் செய்தி வந்தது. நூர்ஜாத் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தாள். கிர்கிஸ்தான் காசு ஒரு சோம்கூட ஏறவில்லை. அப்பட்டமான பொய்.

ரஷ்யாவில், கசானில் கட்டட வேலை பார்க்கும் புருஷன் இரண்டு மாதச் சம்பளத்தைக் கிரிப்டோ காயினாக அனுப்பியிருந்தான். வங்கி வழியாக அனுப்பினால் நடுவழியில் மாட்டிக்கொள்கிறது. காயினை வாங்குகிற ஆளை ஓர் இணையதளத்தில் பிடித்து, அவன் இவள் கணக்கில் சோம் போட்டதும் இவள் பொத்தானை அழுத்திக் காயினை விட வேண்டும். அழுத்திய பிறகு ஆண்டவனே வந்தாலும் அது திரும்பாது.

இந்த முறை வந்து வாய்த்தவன் பேர் சமாத். பணமே போடாமல் "போட்டாச்சு" என்று அவன் தளத்தில் பதிந்துவிட்டதால் இவளால் வியாபாரத்தை விட்டு விலகவும் முடியவில்லை, வேறு ஆளைப் பார்க்கவும் முடியவில்லை.

அப்போது மணி நாலு பத்து. ஐந்துக்குள் பணம் கட்டினால்தான் மகள் மீரிமுக்குக் காதுக் கருவி. இல்லையென்றால் வரிசையில் அடுத்த குழந்தைக்குக் கொடுத்துவிடுவார்கள். நாலு வயதாகியும் அம்மா என்ற குரலுக்கு ஒருநாளும் திரும்பிப் பார்க்காத பெண். இப்போதும் கரண்டியால் தட்டை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது, பாவம், அந்தச் சத்தமும் தெரியாமல்.

உள்ளறையில் மாமியார் காலையிலிருந்து போனும் கையுமாக இருந்தாள். ரஷ்ய மொழியில், தணிந்த குரலில், சரிங்க சரிங்க என்று ஒரே மரியாதை. பென்ஷன் ஆபீஸ்காரர்களாக இருக்கும் என்று நூர்ஜாத் நினைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் கிழவி கோட்டை மாட்டி, முக்காட்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ரொட்டி வாங்கி வருகிறேன் என்றாள்.

மேசைமேல் துணி மூடி இரண்டு ரொட்டி இருந்தது. ஆனால் புறப்படுகிற பெரியவர்களை மறித்து எங்கே, எதற்கு என்று கேட்கிற வழக்கம் அந்த வீட்டு மருமகளுக்குக் கிடையாது. செருப்பை எடுத்து முன்னால் வைத்துவிட்டு மறுபடியும் போனுக்கு வந்தாள்.

பணம் வரவில்லையே என்று சமாத்துக்கு எழுதினாள். பணம் போடுகிற ஆள் வழியில் இருக்கிறது, இதோ வந்துவிடும் என்று பதில் வந்தது. போட்டாச்சு என்றவன் இப்போது வழியில் என்கிறான்.

நாலு முப்பத்தைந்துக்குப் பணம் ஏறியது. எழுபத்தெட்டாயிரத்து முன்னூறு சோம், கேட்டது கேட்டபடி. ஆனால் அனுப்பியவர் பேர் இல்லை. ஏதோ ஒரு கடையில் இருக்கும் பணம் போடும் மெஷினிலிருந்து வந்திருந்தது.

புருஷன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "தளத்துல இருக்கற பேரும் பணம் போட்டவன் பேரும் ஒண்ணா இருக்கணும் நூர்ஜாத். பேர் இல்லாத பணம் யார் வீட்டுப் பணமோ. தொடாதே." அவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். சாரத்தில் ஏறும்போது போனை வாங்கி வைத்துவிடுவார்கள்; அணைந்து கிடந்தது.

சமாத்திடமே கேட்டாள். "என் கார்டை பேங்க்காரன் முடக்கிட்டான் அக்கா. இந்த ஊர்ல யாரோடது முடங்காம இருக்கு, சொல்லுங்க?" என்று குரல் செய்தி அனுப்பினான். போன மாதம் அவள் கார்டே இரண்டு வாரம் முடங்கித்தான் கிடந்தது.

தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினாள். விசாரித்துச் சொல்ல ஒரு நாள் ஆகும், அதுவரை பொறுங்கள் என்று வந்தது. கணக்கில் கிடக்கும் பணத்தை எடுத்துக் கட்டிவிட்டு, காயினையும் விடாமல் இருக்கலாம்தான். அது திருட்டு. அந்தப் புத்தி அவளுக்கு வரவில்லை.

மணி நாலு ஐம்பது ஆகிவிட்டது. மீரிம் தட்டை அடித்துக்கொண்டே இருந்தாள். என்னதான் செய்வாள் ஒருத்தி? கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். காயின் போய்விட்டது. "நன்றி அக்கா" என்று ஒரு வரி வந்தது, அதோடு சமாத்தின் பக்கமே காணாமல் போனது.

போகட்டும், பணம் நம்மிடம்தானே இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு கருவிக்குக் கட்டினாள். ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது ரசீது வந்தது. குழந்தையை வாரியெடுத்துக் காதில் முத்தம் கொடுத்தாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

கதவு திறந்தது. மாமியார் வெறுங்கையோடு வந்தாள். ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, பெரிய பாரம் இறங்கியதுபோல. நூர்ஜாத் தேநீர் ஊற்றினாள்.

கிழவி உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, இனிமேல் சொல்லலாம், வேலை முடிந்துவிட்டது என்று ஆரம்பித்தாள். காலையிலிருந்து பேசியது பெரிய பேங்க் அதிகாரியாம். தங்கமான பிள்ளையாம். பெட்டியில் வைத்திருக்கும் பழைய நோட்டெல்லாம் நாளை முதல் செல்லாதாம், அவர் சொல்லும் எண்ணுக்குக் கடை மெஷின் வழியாக அரசாங்கத்தின் பாதுகாப்புக் கணக்கில் போட்டுவிட வேண்டுமாம், முடிகிறவரை வீட்டில் யாரிடமும் மூச்சு விடக்கூடாதாம். தன் சாவுக்கு மகன் கடன்படக் கூடாது என்று பன்னிரண்டு வருஷமாகப் பென்ஷனில் மிச்சம் பிடித்து, பிரேதத்துக்குச் சுற்றும் கபன் துணிக்குள் சுருட்டி வைத்திருந்த பணம்.

நூர்ஜாத் கெட்டிலைக் கீழே வைத்தாள். கேட்கக் கூடாதென்று நினைத்தாள். வாய் கேட்டுவிட்டது.

"எவ்வளவு அத்தை?"

"எண்ணித்தான் போட்டேன் கண்ணு. எழுபத்தெட்டாயிரத்து முன்னூறு."