மூன்றாவது கையெழுத்து

"உங்க கையெழுத்து ஒண்ணுதாம்மா பாக்கி. நாங்க ரெண்டு பேரும் போட்டாச்சு" என்று காகிதத்தை நீட்டினார் பஞ்சநதம்.

இருதயம்மாள் வாங்கவில்லை. கையெல்லாம் மீன் செதில். "இருங்கண்ணே. இந்தக் கெண்டையை முடிச்சிடறேன்."

கோயில் தர்மகர்த்தாவான பஞ்சநதம், நாற்காலியை மீனிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் பள்ளிவாசல் ஜமாத் தலைவர் நெய்னா முகம்மது. வாசற்படியில் கேபிள் டிவி செந்தில்குமார்.

பாபநாசத்தை ஒட்டிய அந்த ஊரில் ஒரு வழக்கம். தேருக்கு மைக் செட்டோ, சந்தனக்கூடு ஊர்வலமோ, மாதா சப்பரமோ, எதுவானாலும் மனுவில் மூன்று கையெழுத்து விழவேண்டும். ஒன்று குறைந்தாலும் காரியம் நடக்காது. மாதா கோயில் சார்பில் போடுவது மரியாயின் சேனைத் தலைவி இருதயம்மாள்.

இந்த மனு, ஞாயிறு காலை பத்து மணி விஞ்ஞானத் தொடரைப் பற்றி. வெள்ளைக்காரன் எடுத்து, தமிழில் பேச வைத்தது. மூன்றாவது கையெழுத்தும் விழுந்தால் அடுத்த வாரமே அதைத் தூக்கிவிட்டு வேறு படம் போடுவதாகச் செந்தில்குமார் ஒப்புக்கொண்டிருந்தான்.

தூக்க விடக்கூடாது. இருதயம்மாள் அதில் தீர்மானமாக இருந்தாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

மூலையில் அவள் டிவி அந்தத் தொடரைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. படம் கிடையாது, ஒரே இருட்டு. குரல் மட்டும் வந்தது.

"பிக்சர் டியூப் போயி ஆறு மாசமாச்சே, மாத்தக்கூடாதா?" என்றான் செந்தில்குமார்.

"சத்தம் வருதுல்ல தம்பி, போதும். இன்னிக்குத்தான் கொஞ்சம் கரகரங்குது."

"லைன்ல கோளாறா இருக்கும். பாக்கறேன்."

"பேச்சை மாத்தாதீங்க" என்றார் பஞ்சநதம். "கிரகணத்துக்கு நாங்க நடை சாத்தறோம். இவன் என்னடான்னா ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல, வெறும் நெழலுங்கறான்."

"நீங்க அதையெல்லாம் பாக்கிறீங்களாண்ணே?"

"ஒரு வாரம் விடல. பாத்தாத்தானே கோவம் வரும்?"

நெய்னா முகம்மது தொண்டையைச் செருமினார். "ஆதி மனுசன் ஆதம் நபின்னு ஒரு வார்த்தை உண்டா தங்கச்சி? கடல்லேர்ந்து மீன் கரையேறி வந்துச்சாம், அதுதான் நாமளாம்."

"இப்பவும் ஏறி வந்தா எனக்கு மார்க்கெட்டுக்கு நடக்கிறது மிச்சம் பாய்."

"விளையாட்டு இல்லம்மா" என்றார் பஞ்சநதம். "கடவுளே இல்லைங்கறான்."

"எந்தக் கடவுள்?"

"பொதுவாத்தான்."

"பேரு சொன்னானா?"

"சொல்லல."

"பேரே சொல்லாதப்போ நாமளா ஏன் நம்ம வீட்டுக்கு இழுத்துக்கணும்? வேற யாராவது சாமியா இருக்கும்."

பஞ்சநதம் நெய்னா முகம்மதைப் பார்த்தார். நெய்னா முகம்மது பஞ்சநதத்தைப் பார்த்தார்.

"உங்க வீட்டுலயே இதை ஓட விடலாமா?" என்றார் பஞ்சநதம், விடாமல். "உங்க பையன் ஆன்டோ ரோமாபுரியில சாமியாருக்குப் படிக்குது. பன்னண்டு வயசுல மடத்துல விட்டீங்க. நாளைக்கு வெள்ளை அங்கியோட வந்து நிக்கும்போது, அம்மா கையெழுத்து இல்லாம போச்சேன்னு கேக்காதா?"

இருதயம்மாளின் அரிவாள்மணை ஒரு நொடி நின்றது. எழுந்து கை அலம்பினாள். பேனாவையும் வாங்கிக்கொண்டாள். பஞ்சநதத்துக்கு முகம் மலர்ந்தது.

"போடறேன். அதுக்கு முன்னால ஒண்ணு. தம்பி, இதைத் தூக்கிட்டு அந்த நேரத்துல என்ன போடுவே?"

"பக்திப் படம்தாங்க."

"யார் சாமி படம்?"

"இதென்ன கேள்வி, அம்மன் படம்தான்" என்றார் பஞ்சநதம்.

நெய்னா முகம்மது மெதுவாகத் திரும்பினார். "அதென்னங்க, எங்க கையெழுத்து வேணும், படம் மட்டும் உங்களுதா?"

"சரி, வாரத்துக்கு ஒருத்தர்னு வெச்சுக்குவோம்."

"மொத வாரம் யாரு?"

"மெஜாரிட்டின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அப்ப மெஜாரிட்டிகிட்டயே கையெழுத்து வாங்கியிருக்கலாமே, என்னை எதுக்கு வெயில்ல கூட்டிட்டு வந்தீங்க?"

"கிறிஸ்மஸ் வர்ற மாசம் முழுக்க எங்களுக்கு" என்று பணிவாகச் சேர்த்தாள் இருதயம்மாள்.

"அப்ப மார்கழி எங்களுக்கு இல்லையா?" பஞ்சநதம் எழுந்தே விட்டார்.

"ரம்ஜான் மாசத்தை இப்பவே எழுதிக் கொடுங்க" என்று நெய்னா முகம்மதும் எழுந்தார்.

செந்தில்குமார் நடுவில் புகுந்து மனுவைப் பிடுங்கினான். "ஐயா, பாய், ரெண்டு பேருக்கும் கும்பிடு. நாளைக்கு எவனாவது என் ஒயரை அறுப்பான். சாமியே இல்லாத படம்தான் எனக்கு நல்லது. அதுவே ஓடட்டும்!" மனு நாலு துண்டானது.

அந்நேரம் உள்ளே டெலிபோன் நீளமாக மணியடித்தது. வெளியூர் அழைப்பு.

கோபத்திலும் பஞ்சநதம் படியில் நின்றார். "ஆன்டோவா இருக்கும். எங்களுக்காகவும் வேண்டிக்கச் சொல்லுங்கம்மா."

"சொல்றேண்ணே."

மூவரும் தெரு திரும்பும்வரை பார்த்திருந்து, கதவைத் தாழிட்டு, இருதயம்மாள் ரிசீவரை எடுத்தாள்.

"தூக்க விடலடா, நீ தைரியமாப் பேசு. டிவியில கேட்டேன், தொண்டை கட்டியிருக்கே, மெட்ராஸ்ல மிளகுப் பால் போட்டுக் குடுக்க ஆளில்லையா? அப்புறம் ஆன்டோ, அடுத்த வாரம் கடவுள் இல்லைன்னு வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் இருமிடு ராசா. இங்க எல்லாரும் இன்னும் நீ ரோமாபுரியில இருக்கேன்னுதான் நெனச்சிட்டிருக்காங்க."