நாற்பத்தொன்றாம் மேசை

"நாற்பத்தொண்ணாம் நம்பர் மேசையில பரிமாறுறாரே, அவருக்கு எப்போ லீவு?"

கப்பலின் விசாரணை மேசையில் இருந்த பெண் எத்தனையோ கேள்விகளைச் சந்தித்தவள்தான். தலை சுற்றினால் என்ன மாத்திரை, கரையில் இறங்கினால் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், நீச்சல்குளத்துத் துண்டை அறைக்கு எடுத்துப்போகலாமா. இது புதிது. பயணம் முடியும்வரை அவருக்கு லீவு இல்லை, காலையில்கூட மேல்தளத்தில் அவர்தான் காபி ஊற்றுவார் என்று பணிவாகச் சொன்னாள்.

"அப்போ மேல்தளமும் வேண்டாம்" என்றார் ஹெச்.எம்.

பின்னால் நின்ற கணக்கு டீச்சருக்குப் பசியில் வயிறு இரைந்தது.

இருவரும் ஓய்வுபெற்றவர்கள். ஒரே பள்ளியில் வேலை பார்த்ததில்லை. ஆசிரியர் சங்கத்தில் பழக்கம். சங்கம் ஏற்பாடு செய்த ஐந்து நாள் கப்பல் பயணத்தில் இருவருக்கும் ஒரே அறை. ஒருவர் தலைமையாசிரியையாக இருந்தவர்; அவரை எல்லாரும் இன்னும் ஹெச்.எம். என்றே கூப்பிட்டார்கள், அவரும் அப்படியே நடந்துகொண்டார். கணக்கு டீச்சர் இந்தப் பயணத்துக்குத் தலையாட்டியதே, ராத்திரிச் சாப்பாட்டில் ஏழு வகை வரும் என்று யாரோ சொன்னதால்தான்.

அந்த ஏழில் ஒன்றைக்கூட அவர் இன்னும் பார்க்கவில்லை.

இந்தக் கப்பலில் யாருக்கு எந்த மேசையோ, கடைசிவரை அதே மேசை, அதே ஆள். முதல் நாள் சாயங்காலம் இருவரும் பட்டுப்புடவை சரசரக்கச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசல்வரை போனார்கள். நாற்பத்தொன்றில் ஓர் இளைஞன் ஒரே கையில் மூன்று தட்டுகளை அடுக்கியபடி முதுகைக் காட்டி நின்றான். பக்கத்து மேசைக்காகச் சற்றே திரும்பினான். ஹெச்.எம். அப்படியே நின்றுவிட்டார். கணக்கு டீச்சரின் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தார்.

"அந்தப் பையன் என்னைப் பார்க்கக் கூடாது டீச்சர். கப்பலை விட்டு இறங்கற வரைக்கும் பார்க்கவே கூடாது."

ஏன் என்று கேட்டதற்கு, "அறைக்குப் போவோம்" என்று திரும்பி நடந்தார். ஹெச்.எம்.மிடம் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்கும் தைரியம் கணக்கு டீச்சருக்கு இல்லை.

அன்றிலிருந்து அறைக்கே ரொட்டியும் அவித்த முட்டையும் வந்தன. வெளியே போனால் ஹெச்.எம். முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. மீதியை மறைக்கத் தொப்பி. மூன்றாம் நாள், தாழ்வாரத்தில் யாரோ தட்டோடு வருவதைக் கண்டு பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே புகுந்தார். அது நடன வகுப்பு. பாதியில் வெளியேறினால் சந்தேகம் வருமென்று முக்கால் மணி நேரம், இறைவணக்கத்தில் நிற்கிற முகத்தோடு, இடுப்பை ஆட்டிவிட்டு வந்தார். துணைக்குப் போன பாவத்துக்குக் கணக்கு டீச்சரும் ஆடினார்.

கணக்கு டீச்சர் தனக்குள் கணக்குப் போட்டு ஒரு விடைக்கு வந்திருந்தார். பையன் பழைய மாணவன். ஹெச்.எம். அவனை எப்போதோ கை நீட்டி அடித்திருக்கிறார். இப்போது சூப் கிண்ணம் அவன் கையில். பயம் வராதா?

கடைசி நாள் மத்தியானம் அந்த விடையும் குழம்பிப்போனது. ஹெச்.எம். மறுபடி விசாரணை மேசைக்குப் போய், ஒரு பணியாளரைப் பாராட்டி எழுத வேண்டுமானால் எங்கே எழுதுவது என்று கேட்டார். படிவம் கொடுத்தார்கள். முன்பக்கம் முடிந்து பின்பக்கமும் எழுதினார். மேலே கொட்டை எழுத்தில்: மேசை 41.

கணக்கு டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "அவர் கையால ஒரு வாய் தண்ணிகூட நீங்க குடிக்கல மேடம். எழுதாத பேப்பருக்கு நான் அரை மார்க்குகூடப் போட்டதில்ல. நீங்க நூத்துக்கு நூறு போடுறீங்க."

"வாசல்ல நின்னு பார்த்தேனே. மூணு தட்டு, ஒரு சொட்டு சிந்தல. அது போதும்" என்று படிவத்தை மடித்து அங்கிருந்த பெட்டியில் போட்டார் ஹெச்.எம்.

அன்று சாயங்காலம் கணக்கு டீச்சர் துணிந்துவிட்டார். பசி பாதி, புதிர் பாதி. தலைவலிக்கு மாத்திரை வாங்கி வருவதாக அறையில் சொல்லிவிட்டு, நேராக நாற்பத்தொன்றில் போய் உட்கார்ந்தார். அவனிடமே கேட்டுவிடுவது, கேட்காமல் எழுந்திருப்பதில்லை.

அவன் சூப்போடு வந்தான். மேசையைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை.

"கூட இருக்கிறவங்க இன்னிக்கும் வரலையா மேடம்?"

"வரல."

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே? நேரத்துக்குச் சாப்பிடுறாங்களா?"

குரலில் பழி வாங்குகிற வாடையே இல்லை. கணக்கு டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தார். "நல்லாத்தான் இருக்காங்க. நீங்க எதுக்குத் தம்பி இவ்வளவு விசாரிக்கிறீங்க?"

அவன் கிண்ணத்தைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தான்.

"அவங்க எங்க அம்மா, மேடம். நான் கப்பல்ல இன்ஜினியர்னு அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். மேசை லிஸ்ட்ல பேரைப் பார்த்த நாள்லேருந்து அவங்க கண்ணுல படாம ஒளிஞ்சுக்கிட்டே திரியறேன். வாசல்ல அவங்க தலை தெரிஞ்சா நான் சமையல்கட்டுக்கு ஓடிடுவேன், இந்த மேசையைப் பார்த்துக்கன்னு ஃபிரெண்டுகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். என்னை எங்கேயும் பார்த்துடலையே?"

முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் செய்யாததைக் கணக்கு டீச்சர் அன்று செய்தார். சரியான விடை தெரிந்தும், தப்பான விடையைச் சொன்னார்.

"பார்க்கவே இல்லப்பா."