மணியாச்சிக்காரன்

“அவன் பேரைச் சொல்லுட்டி” என்றான் மாரிராஜ்.

கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தான். மிளகாய் வத்தல் மூடைகள் அடுக்கிய அந்த அறையில் அவனைத் தாண்டிப் போக வழியில்லை. அமுதவள்ளி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

“கிருஷ்ணகுமார்.”

“கேட்டீங்களாப்பா. அவ வாயாலயே சொல்லிட்டா” என்று அப்பாவிடம் திரும்பினான் மாரிராஜ்.

“அண்ணே, அது கதையில வார ஆளு. நானா வச்ச பேரு.”

மாரிராஜின் கையில் அவளுடைய நோட்டு இருந்தது. வத்தல் மூடையை விலைக்குப் போட நகர்த்தியபோது பின்னாலிருந்து விழுந்தது.

பத்தாம் வகுப்போடு அவள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். காட்டில் மிளகாய்ப் பழம் எடுத்துவிட்டு வந்து, மத்தியானங்களில் இந்த மூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுவாள். பக்கத்திலிருக்கும் பசுவந்தனைக்குக்கூடத் தனியாக பஸ் ஏறாதவள், எழுதும்போது மட்டும் நினைத்த ஊரில் இறங்கிக்கொள்வாள். இருபது வயதில் அவளுக்கென்று இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

மாரிராஜ் சத்தமாக வாசித்தான். “‘மணியாச்சி ஜங்ஷனில் ரயில் நிற்கும்போதெல்லாம், சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் என் ஜன்னலைத் தேடுவார். பல ஊரில் பெண் பார்த்தும் அவருக்கு அமையவில்லை. எனக்காகத்தான் அமையவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.’”

பிறர் வாயால் கேட்கையில் அந்தக் கடைசி வரி நன்றாகத்தான் இருந்தது. ‘என்று நினைத்துக்கொள்வேன்’ என்பதை எடுத்துவிட்டால் இன்னும் நன்றாயிருக்கும் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

“பொறவு என்ன ஆச்சு?” என்று கேட்டாள் அம்மா சொர்ணத்தாய். அப்பா வெயிலுமுத்து திரும்பிப் பார்க்கவும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ரயில்வேல தண்டவாளம் பாக்குத கேங்மேனாம். டீக்குச் சீனி போட மாட்டானாம். அதையும் எழுதி வச்சிருக்கா” என்றான் மாரிராஜ்.

“இல்லாத ஆளு எதுக்குட்டி சீனி இல்லாம டீ குடிக்கான்?” என்று கேட்டார் அப்பா.

ஆள் நிஜம்போல இருக்கவேண்டுமென்று அவள் யோசித்து யோசித்துச் சேர்த்த வரி அது. கதையை ‘நான்’ என்று எழுதியது அதைவிடப் பெரிய தப்பாகப் போயிற்று.

“அவன் எந்த ஆளுக?” அப்பா சாதியைக் கேட்டார்.

“அத நான் யோசிக்கவே இல்லப்பா.”

“அதக்கூடக் கேக்காமலா பழகுன?” அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “இப்ப அழுது என்னட்டி ஆகப்போவுது?”

“அழலம்மா. வத்தல் நெடி.”

“நோட்ட அடுப்புல போடு. சித்திரைக்குள்ள இவளுக்கு ஒரு மாப்பிள்ளையப் பாத்து முடிச்சிருவோம்” என்றார் அப்பா.

அப்போதுதான் அமுதவள்ளி தலையை நிமிர்த்தினாள்.

“மணியாச்சிக்கே போய் விசாரிங்கப்பா. அப்படி ஒருத்தர் அங்கன இருந்தா, நீங்க சொல்லுதபடி கேக்குதேன். இல்லைன்னா நோட்டத் திருப்பிக் குடுத்துரணும். என்னைய எழுத விட்டுரணும். கல்யாணப் பேச்சும் எடுக்கக்கூடாது.”

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அப்பா “சரி” என்றார். அறைக்கு வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. அப்பாவும் அண்ணனும் பைக்கில் கிளம்பிப் போனார்கள்.

மூடைமேல் சாய்ந்துகொண்ட அமுதவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. மணியாச்சியை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போகையில், ரயில் ஜன்னல் வழியாக. அங்கே பார்த்த ஒரு முகம்கூட நினைவில் இல்லை. தன் மனசில் மட்டும் இருக்கிற ஆளை எங்கே போய்ப் பிடிப்பார்கள்?

தாழ்ப்பாளை நீக்கிக் கதவிடுக்கில் அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். “எனக்கு மட்டும் சொல்லு. அவன் கடைசில ரயில் ஏறி வாரானா, இல்லியா?”

“இன்னும் எழுதலம்மா.”

பொழுது சாயும் நேரத்தில் பைக் சத்தம் கேட்டது. கதவைத் திறந்த அப்பாவின் முகத்தில் கோபமே இல்லை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் மல்லிகைப் பூவும் இருந்தன.

“அப்படி யாரும் இல்லைல்லப்பா?”

“இருக்காரு. நீதான் பேர மாத்தி எழுதியிருக்க. மணிகண்டபிரபு. தண்டவாளத்துலதான் வேலை. விசாரிச்சா நம்ம ஆளுக. நாப்பது வயசாகப் போவுது, இன்னும் ஒரு இடமும் அமையல.”

“அவருக்கு என்னைய யாருன்னே தெரியாதுப்பா.”

“மாப்பிள்ளையும் மொதல்ல அப்படித்தான் சொன்னாரு.”

பின்னால் நின்ற மாரிராஜ் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே சொன்னான்.

“ஒன் போட்டோவக் காட்டுன பொறவுதான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு.”