வாசல் தகடு

ஹெட்மாஸ்டர் இரும்புத் தகட்டின் மேல் ஏறி நின்று, கடையே பார்க்க ஒரு குதி குதித்தார்.

சத்தமே இல்லை. அரிசி மூட்டை மேல் குதித்த மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா சார்? கார் என்ன, லாரியே ஏறினாலும் மூச்சு விடாது" என்றார் இரும்புக் கடைக்காரர், தான் பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல.

பக்கத்தில் நின்ற அவர் பெண்டாட்டி அந்தத் தகட்டை முறைத்துப் பார்த்தாள்.

ஹெட்மாஸ்டர் என்பது பட்டப்பெயர்தான். அவள் புருஷன் வேலை பார்ப்பது வங்கியில். பட்டம் சூட்டியவர், அவரைப் பெற்ற அப்பாவேதான். வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழையக் கூடாது என்று மகன் சட்டம் போட்ட அன்றைக்கு வைத்த பெயர்.

சட்டம் போட்டுவிட்டால் ஆயிற்றா? பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூடத்தில் பாய் விரிந்துவிடும். மாமனார், அவள், மகள், மகன் என்று ஜமா கூடிவிடும். மாமனார் தொடைக்கு அடியில் சீட்டை ஒளித்து வைத்து அழுகுணி ஆட்டம் ஆடுவார். பேத்தி கையும் களவுமாகப் பிடிப்பாள். வீடே சிரித்துப் புரளும்.

அந்தக் கூத்துக்கெல்லாம் காவல், கேட்டுக்கு முன்னால் சாக்கடை மேல் கிடந்த பழைய தகடு. கார் உள்ளே வரும்போது முன் சக்கரத்துக்கு ஒரு டமார், பின் சக்கரத்துக்கு ஒரு டமார். முதல் டமாருக்கு சீட்டெல்லாம் பாய்க்கு அடியில் போகும். இரண்டாவதற்குள் மகள் புத்தகத்தோடு, மகன் நோட்டோடு, அவள் அடுப்படியில், மாமனார் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மாட்டியதில்லை.

அந்த உத்தமத் தகடுதான் இப்போது துருவேறி நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது.

"வேற காட்டுங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

கடைக்காரர் இன்னும் கெட்டியான தகட்டை ஆள் விட்டு இழுத்து வரச் செய்தார். மறுபடி ஒரு குதி. மறுபடி மௌனம்.

"ம்ஹூம். வேற."

அடப்பாவி மனுஷா, இதுவும் போதாதா? பீரங்கி வண்டியா ஓட்டிக்கொண்டு வரப் போகிறார்? மனசுக்குள் பொரிந்து தள்ளியவள், வெளியே குரலைத் தேனாக்கிக்கொண்டாள்.

"என்னங்க, நம்ம சின்னக் காருக்கு மெல்லிசே போதாதா? சாக்கடை அடைச்சா இதை யாரு தூக்கறது?"

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. இருப்பதிலேயே கெட்டியான தகட்டைப் போட்டு, அடியில் ரப்பர் பட்டையும் வைத்துக் காட்டினார். "சுத்தி வெல்டு வச்சுப் பூட்டிருவோம் சார். நீங்க வந்ததே வீட்டுல தெரியாது. பூனை மாதிரி உள்ள போயிடலாம்."

தெரியாதாமே! கூடத்தில் பாய், பாயில் சீட்டு, வாசற்படியில் ஹெட்மாஸ்டர். ஏச்சு வாங்குவது ஒன்றும் பெரிதில்லை, அது பழகின சங்கதி. அத்தோடு ஆட்டம் நின்றுபோகுமே, அதுதான் பெரிது. மாமியார் போன பிறகு சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்த மாமனார் மறுபடி வாய் திறந்ததே, கையில் சீட்டு வந்த பிறகுதான். அவளுக்கும் சமையல், துணி, பாத்திரம் என்று ஓடுகிற நாளில் அந்தக் கொஞ்ச நேரம்தான் உயிர்.

"கார்ல என் கண்ணாடி இருக்கு. போய் எடுத்துட்டு வா" என்றார் ஹெட்மாஸ்டர்.

காரில் கண்ணாடியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தவள், அடுக்கி வைத்திருந்த குழாய்களுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் ஹெட்மாஸ்டர் கடைக்காரரின் காதோரம் குனிந்திருந்தார்.

"கெட்டியாவே குடுங்க. ஆனா ரப்பர் வேண்டாம், ஒரு பக்கம் வெல்டும் வேண்டாம், சும்மா விட்டுருங்க. கார் ஏறினா ரெண்டு தரம் அடிக்கணும்."

"சார், சத்தம் வருமே!"

"வரணும்யா! அதுக்குத்தானே இவ்வளவு நேரமா குதிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு சத்தம் பத்தாது. எங்கப்பாவுக்கு முட்டி வலி. பாயிலேர்ந்து எழுந்து கட்டிலுக்குப் போய்ச் சேரணும்ல?"

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்படியே போய் எதிரில் நின்றால் பாவம், மனுஷன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

ஓசைப்படாமல் பின்னால் நகர்ந்தாள். சுவரில் சாய்த்திருந்த ஒரு மெல்லிசுத் தகட்டுக்குக் காலால் ஓங்கி ஓர் உதை விட்டாள்.

டமார்.

கொஞ்சம் பொறுத்து இன்னோர் உதை.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஹெட்மாஸ்டர் விறைப்பாக நின்று தகட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டிதான்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார், அவளைப் பார்க்காமலே.

"உங்க இஷ்டம்" என்று அவள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள்.